மூத்த மாப்பிள்ளையின் அரசியல்

லிஃப்ட்காரருக்கு அரசியல் வந்தது சகலையால். சிலருக்கு அது அப்பாவிடமிருந்து வரும், சிலருக்குப் புத்தகத்திலிருந்து வரும். இவருக்கு வயிற்றெரிச்சலிலிருந்து வந்தது. அதனால் மட்டமான சரக்கு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எரிகிற வயிறு நன்றாகவே வேலை செய்யும், கொஞ்ச காலம் வரைக்கும்.

அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் மெஷின் ரூம்தான் ஆபீஸ். கையில் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத கிரீஸ் வாசனை, இடுப்பில் கதவு திறக்கிற முக்கோணச் சாவி. ஆள் சாது. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாது என்று மாமியாரே சொல்வார். அதை அவர் பாராட்டாகச் சொல்லவில்லை.

மாமியாருக்கு இரண்டு பெண்கள். மூத்தவளைக் கட்டியவர் இவர். சில வருஷம் அந்தக் குடும்பத்தின் ஒரே மாப்பிள்ளையாக ராஜா மாதிரி இருந்தார். பிறகு இளையவளுக்குக் கல்யாணம் ஆனது. வந்தவர் கண்ணாடிக்காரர். கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை, கடைக்கு மேலேயே வீடு, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, எதிரில் யார் வந்தாலும் வாய் நிறையச் சிரிப்பு. வந்த மாதமே மாமியாருக்குக் கண்ணைச் சோதித்து ஒரு புதுக் கண்ணாடி போட்டுவிட்டார். "சின்ன மாப்பிள்ளை வந்தப்புறம்தான் எனக்கு உலகமே தெளிவாத் தெரியுது" என்று மாமியார் கண்டவர்களிடமெல்லாம் சொன்னார். உலகம் தெளிவாகத்தான் தெரிந்தது. அதில் பெரிய மாப்பிள்ளை மட்டும் தெரியவில்லை.

வீட்டுக்கு யாராவது வந்தால் அறிமுகம் இப்படி நடக்கும். "இவர் எங்க பெரிய மாப்பிள்ளை, லிஃப்ட் வேலை." அவ்வளவுதான். "இவர் சின்ன மாப்பிள்ளை" என்று ஆரம்பித்தால் வந்தவருக்குக் கொடுத்த காபி ஆறிப்போகும். மாமனார் போன பிறகு மாமியாருக்கென்று மூத்தவள் வீட்டில் ஒரு அறையையே ஒழித்து வைத்திருந்தார்கள். மாமியார் போனது கடைக்கு மேலே இருந்த வீட்டுக்கு. "அங்க இருந்தா நாலு மனுஷங்க வந்து போவாங்க" என்றார். இங்கே வருகிறவர்கள் மனுஷர்களாகத் தெரியவில்லையா என்று லிஃப்ட்காரர் மனைவியிடம் பொருமினார். "என்கிட்ட கேட்டு என்ன பிரயோஜனம்? உங்க அத்தைகிட்டயே கேளுங்க" என்றாள் மனைவி. அவர் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்?

கண்ணாடிக்காரருக்கு முகநூலில் நல்ல கூட்டம். நகரசபை, சாக்கடை, பள்ளிக்கூடக் கட்டணம், எதுவானாலும் காலையில் கடை திறக்கும் முன் ஒரு கருத்து வந்துவிடும். கீழே வரிசையாக லைக். வரிசையில் முதல் ஆள் மாமியார். சிவப்பு இதயம் வேறு. அந்தப் போனை மாமியாருக்கு வாங்கிக் கொடுத்தது லிஃப்ட்காரர். முகநூலைத் திறந்து, எப்படித் தள்ளுவது எங்கே அழுத்துவது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். போன் இவர் உபயம், இதயம் அவருக்கு. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

பார்க்காமல் இருந்துவிடலாம் இல்லையா என்று கேட்பீர்கள். வலிக்கிற பல்லை நாக்கு சும்மா விடுமா? வேலைக்கு நடுவில் மெஷின் ரூம் வாசலில் உட்கார்ந்து சகலையின் பக்கத்தைத் திறப்பார். படிப்பார். முகம் சுண்டிப்போகும். மூடுவார். கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி திறப்பார்.

ஒருநாள் கண்ணாடிக்காரர், நூலகத்தை ஞாயிற்றுக்கிழமையும் திறந்து வைக்க வேண்டும் என்று எழுதினார். நூலகத்துக்கு எதிராக ஒரு மனிதன் என்ன சொல்ல முடியும்? லிஃப்ட்காரர் சொன்னார். "ஞாயிற்றுக்கிழமை அங்கே உட்காரப் போகிறவன் மனுஷன் இல்லையா? அவனுக்குப் பிள்ளைகுட்டி இல்லையா?" பூப்படமும் காலை வணக்கமும் தவிர வேறெதையும் பார்த்தறியாத அவர் பக்கத்தில் விழுந்த முதல் கருத்து அதுதான். போட்டுவிட்டுப் போனைப் பைக்குள் திணித்துக்கொண்டார். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் ஆட்கள் குவிந்து கிடந்தார்கள். "கரெக்டா கேட்டீங்க", "யாரும் இதை யோசிக்கலையே" என்று ஆளாளுக்கு எழுதியிருந்தார்கள்.

இத்தனை பேர் இவருக்கு எங்கிருந்து கிடைத்தார்கள் என்று கண்ணாடிக்காரருக்கு விளங்கவில்லை. லிஃப்ட்காரருக்கு ஒவ்வொருவரையும் தெரியும். எல்லாரும் அவர் லிஃப்டுக்குள்ளிருந்து வெளியே எடுத்துவிட்டவர்கள்.

லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர் முதலில் பட்டனை அமுக்குவார், பிறகு கதவைத் தட்டுவார், பிறகு அழ ஆரம்பிப்பார். லிஃப்ட்காரர் வந்ததும் செய்கிற முதல் வேலை, கதவோரம் நின்று உள்ளே இருப்பவரின் போன் நம்பரைக் கேட்டு வாங்குவது. பிறகு மாடிக்கு ஓடி மெயின் சுவிட்சை அணைத்து, பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றுவார். அந்த நேரம் முழுக்கப் போனில் பேசிக்கொண்டே இருப்பார். "நான்தாங்க லிஃப்ட்காரன். ஒண்ணும் ஆகாது. காத்து வருது, கயிறு கெட்டியா இருக்கு. இப்ப மெதுவாக் கீழ இறங்குறீங்க, தெரியுதா? வீட்ல யாரெல்லாம் இருக்காங்க, சொல்லுங்க." முகம் தெரியாதவர்களிடம் அவர் வாய் அப்படி ஓடும். ஜோக்கெல்லாம் அடிப்பார். கதவு திறந்து அந்த ஆள் எதிரில் வந்து நின்று நன்றி சொன்னால் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு "சரிங்க, சரிங்க" என்று நழுவிவிடுவார். அந்த ஐந்து நிமிஷக் குரலை யாரும் மறக்கவில்லை. அவர் நூலகத்தைத் திட்டினாலும் லைக் போடுவார்கள், வாழ்த்தினாலும் போடுவார்கள்.

அன்றிலிருந்து அவருக்கு ஒரு கொள்கை பிறந்தது. சகலை எந்தப் பக்கமோ அதற்கு மறுபக்கம். ரொம்ப வசதியான கொள்கை. எதையும் படிக்க வேண்டாம், யோசிக்க வேண்டாம், காலையில் சகலை எழுதும் வரை காத்திருந்தால் போதும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மேம்பாலம் வந்தது. கடைவீதிக்குத் தலைக்கு மேலே, அடுக்குமாடிகளின் ஜன்னலை உரசிக்கொண்டு ஒரு பாலம் கட்டப்போவதாக நகரசபை அறிவித்தது. கண்ணாடிக்காரர் பூரித்துப்போய், வளர்ச்சி வருகிறது, வரவேற்போம் என்று எழுதினார். லிஃப்ட்காரர் ஒரு நொடி கூடத் தாமதிக்கவில்லை. "ஆறாவது மாடி ஜன்னலுக்கு எதிரே லாரி ஓடினால் அதற்குப் பெயர் வளர்ச்சியா?" என்று கேட்டார். தெரியாத்தனமாகச் சரியான பக்கத்தில் போய் விழுந்துவிட்டார், பாவம்.

அந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டு டீச்சரம்மா அவரைத் தேடிப் பிடித்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, இரண்டு தடவை லிஃப்டில் மாட்டியவர். பாலத்தை எதிர்க்க ஒரு குரூப் ஆரம்பித்திருந்தார். அதில் எழுதுகிறவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள், தெருவுக்கு வருகிறவர்கள்தான் இல்லை. முதல் கூட்டத்துக்கு எல்லாரும் கட்டைவிரல் காட்டிவிட்டு வீட்டில் உட்கார்ந்துகொண்டார்கள். "நீங்க கொஞ்சம் கூப்பிட்டுப் பாருங்களேன்" என்றார் டீச்சரம்மா.

லிஃப்ட்காரர் குரூப்பில் கூப்பிடவில்லை. மெஷின் ரூமில் உட்கார்ந்து, தன்னிடம் இருந்த நம்பர்களுக்கு ஒவ்வொன்றாகக் குரலில் பேசி அனுப்பினார். பொதுவாக ஒன்றைப் பேசி எல்லாருக்கும் தள்ளிவிடவில்லை. ஆளுக்கு ஒன்று, அவரவர் சங்கதியோடு. "நான்தாங்க லிஃப்ட்காரன். முழங்கால் எப்படி இருக்கு? சனிக்கிழமை காலையில முச்சந்திக்கு வரணும். நீங்க வந்தா நல்லா இருக்கும்." அவ்வளவுதான். முச்சந்தியில் கைகோத்து நின்ற வரிசை கடைவீதியின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை போனது. தடி ஊன்றியவர்கள், கைக்குழந்தைக்காரிகள், பல் டாக்டரிடம் வேலை பார்க்கிற பெண், கணக்கு ட்யூஷன் மாஸ்டர், வாழ்க்கையில் ஓட்டுக்கூடப் போடாத ஆட்கள். ஏன் வந்தீர்கள் என்று டிவிக்காரர்கள் கேட்டதற்கு ஒரு கிழவர் சொன்னார்: "லிஃப்ட்காரர் கூப்பிட்டாருங்க."

அந்த வாரம்தான் அவர் ஆயுசிலேயே நல்ல வாரம். மனைவி அவர் பக்கத்தில் அட்டை பிடித்து நின்றாள். வீட்டுக்கு வந்த பிறகும் கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியாரிடமிருந்து போன் வந்தது. "பெரிய மாப்பிள்ளை, டிவியில வந்தீங்களாமே! பக்கத்துக் கடைக்காரங்க சொல்றாங்க." லிஃப்ட்காரருக்குத் தலைகால் புரியவில்லை. "சும்மா நின்னேன் அத்தை" என்றார். நின்றது சும்மாவாம்!

பாலத்தைப் பற்றி இப்போது அவருக்கு உண்மையாகவே தெரிந்திருந்தது. வரைபடத்தை விரித்து வைத்து எந்தத் தூண் எங்கே வரும் என்று சொல்வார். காலி ரயில் நிலத்தின் வழியாகக் கொண்டுபோனால் யாருக்கும் சேதம் இல்லை என்பதும் தெரியும். சகலையை மறந்தே இரண்டு மூன்று நாள் கூட இருந்திருக்கிறார். ஆனால் கடவுளுக்கு அது பொறுக்கவில்லை.

நகரசபை திருத்திய வரைபடம் ஒன்றை வெளியிட்டது. அதில் பாலத்தின் கால் ஒன்று நேராகக் கண்ணாடிக் கடையின் நெற்றியில் இறங்கியது. மறுநாளே கண்ணாடிக்காரர் லிஃப்ட்காரர் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றியதும் கழற்றாததுமாக அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணா, நான் தப்பா நெனச்சுட்டேன். நீங்க ஆரம்பத்துலயே சொன்னீங்க, எனக்குத்தான் மண்டையில ஏறல. என்னையும் உங்க கூடச் சேர்த்துக்கோங்க."

வேறு யாராவது என்றால் உச்சி குளிர்ந்திருப்பார்கள். எதிராளி வீடு தேடி வந்து தோற்றேன் என்கிறான், இதைவிட என்ன வேண்டும்? லிஃப்ட்காரருக்கோ வீட்டில் திருடன் புகுந்தது போல இருந்தது. இத்தனை நாள் எதிர்ப்பக்கமாவது தனக்கென்று இருந்தது. இப்போது அதிலும் பங்குக்கு வந்துவிட்டான். "அதுக்கென்ன தம்பி, வாங்க" என்றார். வாய்தான் சொன்னது.

பயந்தது போலவே நடந்தது. கண்ணாடிக்காரர் குரூப்புக்குள் வந்த முதல் நாளே மன்னிப்புக் கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். அது ஊரெல்லாம் சுற்றியது. மனம் மாறியவர் என்றால் ஜனங்களுக்கு ஒரு தனிப் பிரியம். முதலிலிருந்தே மாறாமல் நின்றவனை யார் கண்டுகொள்கிறார்கள்? அடுத்த வாரம் போஸ்டர் எழுதுவது அவர், பத்திரிகைக்காரர்களிடம் பேசுவது அவர். மாமியாரின் இதயங்கள் பழையபடி வரிசையாக விழுந்தன, இந்தத் தடவை பாலத்துக்கு எதிராக. லிஃப்ட்காரர் அதே பாலத்துக்கு எதிராக மாதக்கணக்கில் எழுதியபோது அந்த இதயம் எங்கே போயிருந்தது?

மெஷின் ரூம் வாசலில் உட்கார்ந்து, பேசாமல் பாலத்துக்கு ஆதரவாகப் போய்விடலாமா என்று கூட யோசித்துப் பார்த்தார். சிரிக்க வேண்டாம், நிஜமாகவே யோசித்தார். கீழே தெரிந்த கடைவீதியைப் பார்த்துக்கொண்டு பாலத்தால் ஏதாவது ஒரு நன்மை இருக்குமா என்று மூளையைக் கசக்கினார். ஒன்றும் அகப்படவில்லை. எதிர்ப்பக்கத்துக் கட்டடத்தில், ஒரு தடவை அவர் லிஃப்டிலிருந்து எடுத்துவிட்ட ஆஸ்துமாக்கார அம்மா ஜன்னலைத் திறந்து துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். போக மறுபக்கமே இல்லாமல் போய்விட்டது மனிதனுக்கு.

நகரசபை, முடிவெடுக்கும் முன் ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தது. பலத்த எதிர்ப்பு இருந்தால் ரயில் நிலத்து வழியைப் பரிசீலிப்பதாகச் சொல்லியிருந்தார்கள். ஜனங்கள் சார்பில் ஒருவர் பேசலாம். யார் என்று முடிவு செய்ய டீச்சரம்மா தன் கட்டடத்தின் பொது அறையில் எல்லாரையும் கூட்டினார். லிஃப்ட்காரர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனார். தான்தான் என்று அவருக்குச் சந்தேகமே இல்லை. ஒரே ஒரு தடவை, அத்தை முன்னால் உட்கார்ந்திருக்க, தான் மேடையில் நின்று பேச வேண்டும். சின்ன மாப்பிள்ளை கீழே இருந்து கை தட்ட வேண்டும். அதற்குப் பிறகு செத்தாலும் பரவாயில்லை என்கிற அளவுக்கு அந்த ஆசை முற்றியிருந்தது.

"எங்க, ஒரு தடவை பேசிக் காட்டுங்க" என்றார் டீச்சரம்மா.

லிஃப்ட்காரர் எழுந்தார். எல்லா முகமும் அவர் பக்கம் திரும்பியது. அங்கேதான் வினை. "இந்தப் பாலம்…" என்றார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "இந்தப் பாலம் வந்தா…" தரையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பையிலிருந்த கைக்குட்டையைத் தேடினார். யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

கண்ணாடிக்காரர் மெல்ல எழுந்து அவர் தோளில் கை வைத்தார். "அண்ணன் என்ன சொல்ல வர்றார்னா…" என்று ஆரம்பித்தார். அண்ணன் என்ன சொல்ல வந்தாரோ அதை ஒரு சொல் பிசகாமல் சொன்னார். ஆறாவது மாடி ஜன்னல், ரயில் நிலம், தூண் எல்லாமே வந்தது. அறை முழுக்கக் கைதட்டல்.

"ஆளைக் கூட்டுறது இவர், பேசுறது அவர். இதைவிட நமக்கு வேறென்ன வேணும்!" என்றார் டீச்சரம்மா. நல்ல மனசோடுதான் சொன்னார். லிஃப்ட்காரரும் சிரித்தார். தோளில் அந்தக் கை இருந்த இடம் வீடு போய்ச் சேரும் வரை எரிந்தது.

கூட்டத்துக்கு ஒரு வாரம் இருந்தது. கண்ணாடிக்காரர் போஸ்டர் போட்டார். நூற்றுக்கணக்கில் லைக், 'வருகிறேன்' என்று நூற்றுக்கணக்கில் வாக்கு. லிஃப்ட்காரர் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். இந்த ஆட்களை அவருக்கு நன்றாகத் தெரியும். போஸ்டருக்கு எவனும் செருப்பு மாட்ட மாட்டான். பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் வருவார்கள். மெஷின் ரூமில் உட்கார்ந்து போனைக் கையில் எடுத்தார். வைத்தார். அவ்வளவு பெரிய பேச்சாளர், அவரே கூப்பிட்டுக்கொள்ளட்டுமே. நான் போய் ஆள் பிடித்து உட்கார வைக்க வேண்டும், அவர் எழுந்து நின்று கைதட்டு வாங்க வேண்டுமா? நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளினார். நாளையும் வந்தது, அதையும் தள்ளினார். யாரையும் வராதே என்று அவர் சொல்லவில்லையே. அப்படித்தான் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

முந்தின நாள் மத்தியானம், பல் டாக்டரிடம் வேலை பார்க்கிற பெண் அவருக்கு எழுதினாள். "நாளைக்கு நாங்கள் வர வேண்டுமா? நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே. லீவு போடட்டுமா? எங்கள் கட்டடத்தில் எல்லாரும் கேட்கிறார்கள்."

வாங்க என்று ஒரு வார்த்தை. அதை அடிக்க எவ்வளவு நேரமாகும்? லிஃப்ட்காரர் அந்தக் கேள்வியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சகலை தோளில் கை போட்டது ஞாபகம் வந்தது. கைதட்டல் ஞாபகம் வந்தது. "உங்கள் இஷ்டம்" என்று எழுதி அனுப்பினார்.

காலையில் கிளம்பும்போது மனைவி கேட்டாள். "எல்லாருக்கும் சொல்லிட்டீங்கல்ல?"

"ம்" என்றார்.

நகரசபை மண்டபத்தில் நாற்காலிகளை வாசல் வரை போட்டிருந்தார்கள். முன் வரிசையில் மாமியார், கொழுந்தியாள், டீச்சரம்மா, கடைவீதிக்காரர்கள் சிலர். அவர்களுக்குப் பின்னால் வெறும் நாற்காலிகள். மனைவி முன்னால் போய் உட்கார்ந்தாள், லிஃப்ட்காரர் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். கண்ணாடிக்காரர் மேடையில் நின்று வாசலைப் பார்த்தார், இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமா என்று அதிகாரியிடம் கேட்டார், மறுபடி வாசலைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று விழுவதை லிஃப்ட்காரர் கடைசி வரிசையிலிருந்து பார்த்தார். பார்க்கப் பார்க்க நெஞ்சு குளிர்ந்தது. மறைப்பானேன், ஐஸ் வைத்தது போலக் குளிர்ந்தது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகச் சகலைக்குக் கூட்டம் இல்லை.

கண்ணாடிக்காரர் பேசினார். நன்றாகவே பேசினார். வெறும் நாற்காலிகளில் மோதி அந்தப் பேச்சு அவரிடமே திரும்பிப் போனது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "குறிப்பிடும்படியான எதிர்ப்பு இல்லை" என்று பக்கத்திலிருந்தவருக்குச் சொல்லி எழுதவைத்தார். கோப்பை மூடினார். அவ்வளவு சீக்கிரம் மூடுவார் என்று லிஃப்ட்காரர் எதிர்பார்க்கவில்லை. குளிர்ந்த நெஞ்சு திக்கென்றது. ஏதாவது சொல்லலாமா என்று பாதி எழுந்தார். அதிகாரி ஏறிட்டுப் பார்த்தார். லிஃப்ட்காரர் உட்கார்ந்துவிட்டார்.

வெளியே படிக்கட்டில் கண்ணாடிக்காரர் அவரிடம் வந்தார். "என் மேல யாருக்கும் நம்பிக்கை இல்ல போல அண்ணா. முதல்ல பாலம் வேணும்னு எழுதினவன்தானே. எழுத்துல கை தட்டுறாங்க, நேர்ல ஒருத்தர் வரல. நீங்க பேசியிருந்தா வந்திருப்பாங்க."

"ஜனங்க அப்படித்தான் தம்பி" என்றார் லிஃப்ட்காரர்.

பாலத்துக்கு ஒப்புதல் ஆனது. கடை வரிசையை இடித்தார்கள். கொடுத்த நஷ்டஈட்டில் வேறொரு தெருவில் கடையும் கிடைக்கவில்லை, வீடும் கிடைக்கவில்லை. மூக்குக்கண்ணாடிச் சட்டங்களை அட்டைப்பெட்டிகளில் அடுக்கிக்கொண்டு கண்ணாடிக்காரர் இன்னொருவர் கடையில் சம்பளத்துக்குப் போனார். "நம்ம வீட்ல ரூம் சும்மாதானே கிடக்கு, அவங்களை இங்கயே வரச் சொல்லிட்டேன்" என்று மனைவி ஒருநாள் அறிவித்தாள். அபிப்பிராயம் கேட்கவில்லை, தகவல் சொன்னாள். மாமியாருக்கென்று ஒழித்து வைத்த அறைக்கு மாமியார் வந்தார். கூடவே இளையவளும் சின்ன மாப்பிள்ளையும் பெட்டிகளும் வந்தார்கள். வருஷக்கணக்கில் போனில் பார்த்துப் பொருமிய முகத்தை இனி காலையில் பல் தேய்க்கும்போதே பார்க்கலாம்.

வந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். மனைவி பல்வலிக்கு டாக்டரிடம் போயிருந்தாள். திரும்பி வந்தவள் செருப்பை ஓரமாக விட்டுவிட்டு, லிஃப்ட்காரருக்கு எதிரே வந்து நின்றாள்.

"அந்தப் பல் டாக்டர்கிட்ட வேலை பாக்குற பொண்ணைப் பார்த்தேன்" என்றாள்.

அவர் நிமிர்ந்தார். மனைவி வேறெதுவும் கேட்கவில்லை. உள்ளே போய்விட்டாள். மிச்சத்தை எப்போது சொல்வாள் என்று அவர் அன்றைக்கெல்லாம் காத்திருந்தார். மறுநாளும் காத்திருந்தார். அவள் சொல்லவே இல்லை. திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தார்கள். கீழ் வீட்டுக்காரர் ஏதோ கேட்க வந்தவர், வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார். மாமியார் அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். அறிமுகம் ஆரம்பமானது. "இது சின்ன மாப்பிள்ளை, கண்ணாடிக் கடையில வேலை பாக்குறார்." அவ்வளவுதான். பிறகு மாமியார் லிஃப்ட்காரர் பக்கம் திரும்பினார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இவர்தான் எங்க பெரிய மாப்பிள்ளை. மாப்பிள்ளைன்னா இவர் மாப்பிள்ளை. எங்களுக்கு ஒரு கஷ்டம்னு வந்தப்ப, ஒரு வார்த்தை முகம் சுளிக்காம மொத்தப் பேரையும் வீட்டுக்குள்ள சேர்த்துக்கிட்டார். இத்தனை வருஷம் இவர் அருமை எனக்குத் தெரியாமப் போச்சு. அந்தப் பாலத்துக்கு எதிரா இவர் எவ்வளவு ஓடினார் தெரியுமா? நாங்கதான் குடுத்து வைக்கல."

"அண்ணன் மட்டும் இல்லைன்னா நாங்க நடுத்தெருவுலதான் நின்னிருப்போம்" என்றார் கண்ணாடிக்காரர். குரலில் கொஞ்சமும் கள்ளமில்லை. கொழுந்தியாள் தலையாட்டினாள். கீழ் வீட்டுக்காரர் எழுந்து கை குலுக்கினார்.

இதற்காகத்தான் அவர் இத்தனை வருஷம் வெந்து செத்தார். கேட்டதுக்கு மேலேயே கிடைத்துவிட்டது, அதுவும் சகலையின் வாயாலேயே. பிசைந்த சோறு விரல்களுக்கிடையில் அப்படியே இருந்தது. மனைவி கரண்டியோடு அவருக்குப் பின்னால் வந்து நின்றாள். தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தாள்.

"சாப்பிடுங்க" என்றாள். "எல்லாரும் உங்களைத்தானே பாக்குறாங்க."